உட்கார்ந்து செய்யும் வேலைதானே?

என் மகள் வேலூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். எவ்வளவு சாப்பிடலாம் என்று கணக்குச் சொல்லும் ஆப் ஒன்று அவள் செல்போனில் இருக்கிறது. விடுமுறைக்கு ஆரணி வந்தும் அதை விடவில்லை. "போதும்மா, ஆப்ல இவ்ளோதான்" என்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்து, எனக்கு உதவியாகத் தறியில் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று பக்கத்துத் தறியில் திடீரென்று சத்தம் நின்றது. திரும்பினால், அவள் கால் இரண்டும் தறிக்குக் கீழே கால் வைக்கும் குழிக்குள் கிடக்க, தலை தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன், பேச்சில்லை. தனியாகத் தூக்க முடியாமல் அலறினேன். எதிர்வீட்டு அண்ணிதான் ஓடிவந்து கைகொடுத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு, சாப்பிடலையா?" என்று கேட்டு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். அவள் கண் திறந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தப் பேஜார் புடிச்ச ஆப்புல அப்படி என்னடி போட்டுத் தொலைச்சே?"

"என்ன வேலைன்னு கேட்டுச்சு, உட்கார்ந்து செய்ற வேலைன்னு போட்டேம்மா. தறியில உட்கார்ந்துகினுதானே நெய்யறோம்? யாரு கேட்டாலும் நீயே, 'வீட்லதான் உட்கார்ந்துகினு இருக்கேன்'னுதானே சொல்வே?"

பொழுதுக்கும் தறியின் மிதிபலகையைக் காலால் மிதித்து, முட்டிக்குத் தைலம் தேய்க்கிற எனக்கே இது உடம்பு உழைக்கிற வேலை என்று தோன்றவில்லையே!

ஆப்பில் அவள் 'கடும் உழைப்பு' என்று மாற்றிவிட்டாள். நானும் இப்போதெல்லாம் புடவையை முடிக்கும் அவசரத்தில் மதியச் சோற்றைத் தள்ளிப்போடுவதில்லை. என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "தறி நெய்யறேன்" என்கிறேன்.