அப்பா கட்டிய கடைசிப் பெட்டி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்தார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்றார். இப்படிப்பட்ட மலர்கள் என் வீட்டு அலமாரியில் ஏழெட்டு கிடக்கின்றன. அவற்றில் இறந்தவர்கள் எல்லாரும் வாரி வழங்கியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் பெற்றோரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர்கள். படித்தால் எனக்குக் குமட்டும். சித்தப்பா மன்னிக்க வேண்டும், நான் நடந்ததையே எழுதுகிறேன்.

அப்பா குரும்பகரத்தில், குத்தகை நிலத்தை நம்பியிருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. காரைக்காலில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நசுங்கியும் நனைந்தும் எண்ணெய் ஒழுகியும் வந்து இறங்கும் பெட்டிகளைத் தினமும் தூக்கித் தூக்கி அவருக்கு ஓர் அருவருப்பு ஊறிப்போனது. "அடுத்தவன் சாமானை இப்படியா கட்டுவானுங்க" என்று சோற்றில் கை வைத்துக்கொண்டே திட்டுவாராம். மறைந்த எங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்தத் திட்டல்தான் பின்னால் தொழிலாயிற்று. கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, வெளிநாட்டுக்குப் போகும் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொடுக்கும் கடை வைத்தார். நம் ஊரில் பிள்ளை பிரான்சில் இருப்பான், இல்லையென்றால் வளைகுடாவில் இருப்பான். ஆகவே கடையில் ஆள் இல்லாத நாளே இல்லை.

அப்பா கட்டும் முறையைச் சொல்ல வேண்டும். புது அட்டைதான், அதுவும் ஐந்தடுக்கு அட்டை. ஊறுகாய்ப் பாட்டில் என்றால் மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் துணி, பிறகு நாலு பக்கமும் கசக்கிய செய்தித்தாள். மேலே ஒட்டிய முகவரி கிழிந்தாலும் பெட்டி அநாதையாகக் கூடாது என்று முகவரியை இன்னொரு தாளில் எழுதி உள்ளேயும் வைப்பார். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே ஏதாவது அசைந்து சத்தம் வந்தால் எத்தனை டேப் ஒட்டியிருந்தாலும் கிழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவார். காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால் காதில் வாங்க மாட்டார்.

அவர் தொட மறுத்தது ஒன்றே ஒன்று, பிராந்திக்கடைப் பெட்டி. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒருமுறை ஓர் அம்மா துபாயில் இருக்கும் மகனுக்கு அச்சுமுறுக்கும் தொதல் அல்வாவும் எடுத்துக்கொண்டு அப்படி ஒரு பெட்டியோடு வந்தார். மேலே பெரிய பாட்டில் படம்.

"என்னம்மா இது, இந்தப் படத்தோட போய் எறங்குனா உங்க புள்ளையைக் கூப்புட்டு வெச்சு விசாரிப்பாங்களே" என்றார் அப்பா.

"யா அல்லா! நான் படத்தைப் பாக்கவே இல்லங்க அண்ணே. கனமா, கெட்டியா இருக்கேன்னு எடுத்தாந்தேன்" என்று அந்த அம்மா வாயில் கை வைத்தார்.

அப்பா அந்தப் பெட்டியை இரண்டு விரலால் பிடித்துத் தெருவில் வைத்துவிட்டு வந்து கை கழுவினார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவர். அந்த நெடியே அவருக்கு ஆகாது.

அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து பிரான்சுக்கே போய்விட்டார். மாதம் தவறாமல் அவருக்கு ஒரு பெட்டி போனது. நான் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் கடைக்குக் கைகொடுக்கப் போய்வருவேன். ஒரு மாதம் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். கடையில் நல்ல பெட்டி தீர்ந்துவிட்டது. புதுப் பெட்டி வர இரண்டு நாள் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. எதிரே கிடந்த பிராந்திப் பெட்டி ஒன்றை எடுத்து, ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு ஒற்றை உறை மட்டும் போட்டு, படம் தெரியாமல் காக்கித் தாள் சுற்றி அனுப்பிவிட்டேன். ஆட்டிப் பார்க்கவும் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வழியில் நார்த்தங்காய் ஊறுகாய் உடைந்து, எண்ணெயில் காக்கித் தாள் ஊறிக் கிழிந்து, பாட்டில் படம் பளிச்சென்று தெரிய அந்தப் பெட்டி அண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறது. அன்றைக்கென்று மாமனார் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்களாம். அண்ணன் போனில் கத்தியது எனக்கும் கேட்டது.

"வீடு முழுக்க நாத்தம்பா! பிராந்திப் பொட்டியில ஊறுகாயா? உங்கப்பா குடிப்பாரான்னு கேக்கறாங்க. இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "என் தப்புதாம்பா, காய்ச்சல்ல பாக்காம கட்டிட்டேன்" என்று சொல்லி போனை வைத்தார். அதன்பிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெற்ற அப்பாவின் பெட்டி நாறுகிறது என்று சொன்ன அண்ணன்மேல் எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, அதை நான் ஆண்டுக்கணக்கில் ஆசையாக வளர்த்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணனைப் பற்றித் தூற்றினேன். என் பங்கை மட்டும் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அப்பாவுக்கு இதயம் பழுதாகி, இடது கை மரத்துப்போன பிறகு கடையை மூடினோம். ஆடி மாதத்தில் ஒருநாள் ஐந்தடுக்குப் பெட்டி ஒன்று வாங்கிவரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று நாள் கட்டினார். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் கை நீட்டினேன்.

"நீ விடும்மா. இதை நானே கட்டிக்கறேன்."

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்க முடியாததால் மேசைமேல் வைத்துக் காதை அதன்மேல் சாய்த்து, என்னை மெல்ல ஆட்டச் சொன்னார். சத்தம் இல்லை. அண்ணன் முகவரியைத் தானே எழுதினார். நான் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். கார்த்திகையில் கண் மூடும்வரை "போய்ச் சேந்துச்சான்னு சொன்னானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் வந்து கொள்ளி வைத்துவிட்டு ஐந்தாம் நாள் விமானம் ஏறினார். பதினாறாம் நாள் கருமாதி நடந்துகொண்டிருக்கும்போது தபால்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பெறுநர் வந்து எடுத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்திருந்தது.

அப்போது நம் உறவுக்காரர்கள் நடந்துகொண்டதை எழுதாமல் விட மாட்டேன். வாயில் வடையோடு சுற்றி நின்றார்கள். "தொறந்து பாருடி, நகை நட்டு வெச்சிருப்பாரு" என்று ஓர் அத்தை சொன்னார். ஒரு மாமா காய் நறுக்கும் கத்தியோடு வந்துவிட்டார். நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டுப் பந்தி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிரான்ஸ் போய்த் திரும்பிய பெட்டி, என் எடைக்குக் கொஞ்சமும் நெளியவில்லை.

அன்று மாலை அண்ணனைப் போனில் கேட்டேன்.

"நோட்டீஸ் வந்துச்சு. போயி எடுக்கல. திரும்பவும் அப்படி நாறும்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் அழுதார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். 'நல்லா அழு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். கடைசி இரண்டு மாதம் அப்பாவின் உடம்பைத் துடைத்துவிட்ட செவிலியருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாதபடி சோறு அனுப்பிய அந்தத் துபாய்ப் பிள்ளையின் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கத்தியோடு வந்த மாமாவுக்கு நான் நன்றி சொல்வதாக இல்லை.

அண்ணா, திவசத்துக்கு நீங்கள் வரும்போது இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கும். அன்று நாறிய பெட்டியைக் கட்டியது நான். அப்பா அல்ல. அவர் உங்களிடம் சொன்னது ஒரே ஒரு பொய், அதுவும் எனக்காகச் சொன்னது. இந்தப் பெட்டியை நான் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். முகவரி உங்களுடையது. பிரிப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள், காதருகே வைத்து ஆட்டியும் பாருங்கள். ஒரு வாசனையும் வராது, ஒரு சத்தமும் கேட்காது. இது அப்பா கட்டியது.