ஒழுகாத மாடியும் என் கல்யாணமும்

எங்கள் மாடியில் ட்ரில் போட்டது தவறு. போட்டுவிட்டு, "இது ஆரம்பத்திலிருந்தே லீக் ஆகும் மாடி" என்று நோட்டீஸ் ஒட்டியது அதைவிடப் பெரிய தவறு.

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நிற்கும் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஷெட் போட, கம்பி நடுவதற்காகக் குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள் தளத்தைத் துளைத்தார்கள். துளை வழியாக மழை இறங்கியது. பழி மாடியின் மேல். அங்கே மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் என் பேரன் அந்த நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

நண்பர்களே, அந்த மாடியை அடித்தவர்களில் நானும் ஒருத்தி. அதன் கீழேதான் எனக்குத் தாலி கட்டினார்கள்... கொட்டுகிற ஆனி மழையில்.

சுண்ணாம்பும் வெல்லமும் கலந்து வெயிலில் காயும் வாசனை உங்களில் யாருக்காவது தெரியுமா?

அப்போது தார் ஷீட் எல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. உடைத்த செங்கல், சுண்ணாம்பு, செங்கல் பொடி மூன்றையும் கலந்து தளத்தில் பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாங்கள் மரக்கட்டையால் அடிப்போம். தாராவியிலிருந்து திருநெல்வேலிப் பெண்கள் கூட்டமாகப் போவோம். வரிசையாகக் குந்தி, பாட்டுப் பாடிக்கொண்டே ஒரே தாளத்தில்... டப், டப், டப். கட்டை புதைந்தால் இன்னும் அடிக்க வேண்டும். துள்ளித் திரும்பினால் தளம் இறுகிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. வீட்டில் காப்பிக்கு வெல்லம் இருக்காது. மாடிக்கு மட்டும் மூட்டையாக வரும்!

"மாடி பெரிய எடத்துப் புள்ளைல்லா... நாம கருப்பட்டிக்கு அலையுதோம், அது வெல்லம் குடிக்குது" என்பாள் பேச்சி மதினி. என் அண்ணன் மனைவி. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி.

நாங்கள் தின்றுவிடுவோம் என்று பயந்து, மேஸ்திரி மூட்டையை அவிழ்த்ததுமே கடுக்காய்த் தண்ணீரில் கொட்டிவிடுவார். எங்கள் கை அவர் கையைவிட வேகம். வெல்லக்கட்டி கன்னத்தில் ஒதுங்கியதும் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றால் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பதினேழு வயது. தோல் கிடங்கில் வேலை பார்க்கும் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் கல்யாணம் நடக்க வேண்டும். ஆனால் ஆனி மழையில் எங்கள் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். எங்கே மணவறை போடுவது?

மதினி நேராகக் கட்டடத்தின் சொந்தக்காரர் சேட்டிடம் போய், யாரும் குடிவராத மேல்தளத்தை ஒருநாள் கேட்டாள். சேட் சிரித்தார். புதுத் தளம், முதல் மழையில் சொட்டினால் என்ன செய்வாய் என்றார்.

"டப்கேகா நை சேட்! இதர்ச் ஷாதி பனாயேகா, தேக்கோ!" சொட்டாது, இங்கேயே கல்யாணம் நடத்துகிறோம், பாருங்கள் என்றாள் தன் இந்தியில். சேட் சரியென்று தலையாட்டினார்.

விஷயம் மாப்பிள்ளையின் சின்னத்தைக்குப் போனது. கட்டை பிடித்துக் காய்ப்பேறிய என் கை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

"ஏளா பேச்சி, இவ அடிச்ச மாடிக்குக் கீழயா கல்யாணம்? ஒரு சொட்டு விழட்டும், எங்க பய மாலையக் கழத்திட்டு எந்திச்சிருவான்."

"விழுந்தா நானே கழத்தித் தாரேன் சின்னத்தை. விழலைன்னா அடுத்த மாடிக்கு நீங்க வந்து எங்ககூடக் குந்தணும். சரியா?"

அவர்கள் பந்தயம் கட்டியது என் கழுத்தை வைத்து.

கல்யாணத்தன்று வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எல்லோரும் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மணப்பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் அண்ணாந்து மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது! நானும்தான்.

தாலியைக் கையில் எடுக்கும் நேரம். சுவரோரம் இருந்த தாம்பூலத் தட்டில்... டொக்.

மேளம் நின்றது.

"பாத்தியளா! பாத்தியளா!" என்று சின்னத்தை எழுந்துவிட்டார்.

மதினி அண்ணாந்து பார்த்தாள். விதானம் வெள்ளை வெளேரென்று உலர்ந்திருந்தது. பார்வையை மெல்லக் கீழே இறக்கினாள். தட்டுக்கு மேலே சுவரில் ஒரு நீள ஆணி. அதில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கோணி.

"சின்னத்தை, ஒழுகுதது மாடியில்ல. ஒங்க சாக்கு!"

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அந்தச் சிரிப்பில் முதல் முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

சின்னத்தை சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த மாடிக்கு வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். எங்களில் மிக வேகமாக வெல்லம் எடுக்கும் கை கடைசியில் அவருடையதுதான்!

இப்போது வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகள் பத்து வருஷ கேரண்டி என்று அச்சடித்துத் தருகின்றன. அன்று அந்த மாடிக்கு கேரண்டி நான். தேய்ந்த இடத்தில் பூசிய பூச்சோடு மட்டும் அது இத்தனை காலம் நின்றது.

ஆகவே சொசைட்டி செகரெட்டரி அந்த நோட்டீஸை அவர் கையாலேயே கிழிக்க வேண்டும். ஷெட் போட்ட காண்ட்ராக்டர் கம்பிகளைப் பிடுங்கி, துளைகளைச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கொண்டு அடைக்க வேண்டும். தாரை ஊற்றி மெழுகக் கூடாது. என் பேரன் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்க வேண்டும். வரும் ஆனியில் மேல்தளத்தில் இலை போட்டுச் சொசைட்டிக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைப்பது என் பொறுப்பு.

குடையை மட்டும் அவரவர் வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.