வெறும் வயிற்றில் ஒரு காபி

பாரிசுக்கு வெளியே நான் இருக்கும் ஊரில், மருத்துவர் என் முகத்தைவிடக் கணினித் திரையைத்தான் அதிகம் பார்ப்பார். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். வயதையும் எடையையும் தட்டினால் போதும், இந்த ஆளுக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, எந்தப் பரிசோதனை தேவை என்று அதுவே அவருக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒருமுறை அது ரத்தம் எடுக்கச் சொன்னது. "வெறும் வயிற்றில்தானே வந்தீர்கள், முசியே?" என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டார்கள். "உய்", ஆமாம் என்றேன், மனசாட்சிப்படி. முடிவு வந்ததும் திரையில் என் பெயர் சிவப்பாகிவிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, குறைக்க வேண்டியவற்றின் பட்டியலையும் அச்சடித்துக் கொடுத்தார். பகெத் ரொட்டி, வெண்ணெய், ஒயின். நான் தொடாததையெல்லாம் விடச் சொன்ன அந்தத் தாளில் இட்லியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சிரிக்கலாம்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாலையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த எங்கள் அப்பா, சர்க்கரையில் ஒரு காலை இழந்து கட்டிலோடு கிடந்து போய்ச் சேர்ந்தார். அவர் வேட்டியின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனக்கும் அதே கதிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தப் பயத்தோடுதான் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும், மறுநாள் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கேயும் கணினி! பருத்த திரைக்குப் பூப்போட்ட துணியில் உறை வேறு. திரையில் தமிழில் வந்த கேள்விகளை நர்சம்மா ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார்.

"வெறும் வயிறா சார்?"

"ஆமா."

"காபி குடிச்சீங்களா?"

"காபி மட்டும்தான்."

"எத்தினி ஸ்பூன் சக்கரை?"

"ரெண்டு" என்றேன்.

"மூணு. நான்தான போட்டேன்" என்றாள் அக்கா.

நர்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் காபிக் கேள்வி மொதல்ல மிஷின்ல இல்ல சார். வெறும் வயிறான்னு கேட்டா எல்லாருந்தான் ஆமான்றாங்க. பாதி ஊருக்குச் சக்கரைன்னு காட்டிச்சு. எங்க டாக்டரம்மாதான் சண்டை போட்டு இதைச் சேக்க வச்சாங்க. நாளைக்கு வெறும் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் காபியை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? இட்லி உள்ளே போகாதவரை வெறும் வயிறுதான். பாரிசில் ரத்தம் கொடுத்த அன்றும் டவராவில் ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருபது வருடம் ஆகியும், அந்த நாட்டுக் கேள்விக்கு இந்த ஊர்ப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். வரும் வழியிலேயே அக்கா ஆட்டோவை நிறுத்தி ஜாங்கிரி வாங்கினாள். "ஒண்ணே ஒண்ணுதான்டா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஊட்டிவிட்டாள்.

பாரிசுக்குத் திரும்பியதும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். சிவப்பு போனது. சரியாக ஒரு வருடம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"புதுசா வந்திருக்கிற நர்சம்மா உன்னத் தேடிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்கடா. இந்த மாசம் டெஸ்ட் பண்ண வேண்டியவங்கன்னு மிஷின் உன் பேரைக் காட்டுதாம்."

"என் பேரா? என் வீடு இங்கதான இருக்கு?"

"அன்னைக்கு நம்ம வீட்டு அட்ரஸைத்தான குடுத்தேன். ஆளு எங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்னு சொல்லிட்டேன்."