கடல் கெளுத்தியை மிதித்தவன்

வடக்கனந்தல் ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவன் நான். கெளுத்தியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் அப்போது நிறையவே இருந்தது. அந்தத் திமிரோடுதான் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் தம்பியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடலூர் முகத்துவாரத்துக்குப் போனேன். அவனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடமாட்டான்.

கடல் கெளுத்தி அடிச்சேற்றில் மேய்வது. தண்ணீர் ஏறும் நேரத்தில் ஈயக்குண்டு தரையில் கிடக்கும்படி இறால் துண்டைக் கோத்துப் போட வேண்டும். முதலில் லேசாகத் தட்டும், அவசரப்பட்டால் போச்சு. தூண்டில் நரம்பு விறைத்து ஓடும்போது சுண்டினால்தான் மாட்டும். அவனுக்கு மாட்டியது. முழங்கை நீளம். கரைக்கு வந்தும் கர்கர் என்று கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஏரியில் விரல் நீளக் கெளுத்திகளைச் செருப்பால் அமுக்கித்தான் தூண்டிலைக் கழற்றுவோம்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? காலால மெறிடா!" என்று கத்தினேன்.

மிதித்தான். "எம்மாம் பெருசு பாருங்க மாமா" என்று சிரித்தான். செருப்புக்கு அடியில் மணல் சிவந்துகொண்டிருந்தது. மீனின் முதுகுமுள் ரப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. அவனுக்குத் தெரியவேயில்லை.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஓடிவந்தார். "இது குத்துனா எப்பேர்ப்பட்ட ஆளும் அலறுவான். இவரு இன்னாங்க சிரிக்கிறாரு?" என்றார். முள்ளில் ரம்பம் மாதிரி பல் இருக்கும், பிடுங்கினால் சதை கிழியும் என்று மீனை மட்டும் வெட்டி எடுத்தார். செருப்பு காலோடு தைத்தபடியே இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு சர்க்கரைக்காரருக்கு இப்படித்தான் காலில் முள் குத்தியதில் ஆரம்பித்து, காலையே முழங்கால் வரை எடுத்தார்கள். அது ஞாபகம் வந்தது. மிதி என்று சொன்னது என் வாய்தானே.

ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன். "வலிக்குதாடா?"

"இல்ல மாமா. நீங்க மெதுவா போங்க."

ஒரு தடவையாவது வலிக்கிறது என்று சொல்லித் தொலைய மாட்டானா என்று ஆத்திரமாக வந்தது. கண்டபடி திட்டினேன். திட்டும்போதே அழுகையும் வந்துவிட்டது.

முள்ளை எடுத்துக் கட்டுப் போட்ட டாக்டர், அவனைக் கண்ணை மூடச் சொன்னார். "இன்னொரு காலையும் பாத்துடலாம். ஊசியால குத்துவேன். குத்துனதும் சொல்லுங்க."

குதிகால், நடுப்பாதம், பெருவிரல் என்று ஐந்து இடத்தில் குத்தினார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவன் கண்ணைத் திறக்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "எப்போ சார் குத்துவீங்க?"