பஞ்சில் ஒட்டாத மஞ்சள்

1. இரண்டு ஷேட்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த சலூனில் ஒரே ஒரு சட்டம்தான். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷன் போட வேண்டும். முதல் நாள் செராஸிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அவள் நிறத்துக்குச் சரியான பாட்டிலை எடுத்தேன். முதலாளியம்மா ரோஸ் ஆன்டி அதை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

"கஸ்டமர் இங்க வர்றதே வெள்ளையாவறதுக்குதான்லா. கருப்பாவே இருக்கணும்னா வீட்டுலயே இருந்துக்க மாட்டாளா?"

அந்தப் பெண் மேடையில் சாம்பல் பூசியவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆல்பம் வந்ததும் அவள் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "ஏன் எம் பொண்ணு மூஞ்சி செத்த மூஞ்சி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். ரோஸ் ஆன்டி அசரவில்லை. கேமரா சரியில்லை என்று சொல்லி, ஒரு ஃபேஷியல் இலவசமாகச் செய்து அனுப்பினார்.

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பெண்ணின் அண்டர்டோன் பொன்னிறம். அதன்மேல் ரோஜா சாயலுள்ள வெளுப்பைப் பூசினால் சாம்பல்தான் வரும். இதை நான் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அத்தனை முகங்களைக் கெடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

தோலின் மேல்நிறம் மாறும். வெயிலில் அலைந்தால் கறுக்கும், ஏசி ஆபீஸில் உட்கார்ந்தால் கொஞ்சம் தெளியும். அதற்கு அடியில் ஓடும் சாயல் அப்படியே இருக்கும். அதுதான் அண்டர்டோன். மஞ்சள், பொன் என்று ஓடினால் வார்ம். சிவப்பு, நீலம் என்று ஓடினால் கூல். இரண்டுக்கும் நடுவில் நின்றால் நியூட்ரல். கருப்பாக இருந்தாலே வார்ம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் மாம்பழ மஞ்சளையும் செங்கல் சிவப்பையும் கட்டிவிடுகிறார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் நம்மில் பாதிப்பேருக்கு உதவாது. நரம்பே தெரியாத கையில் எதைப் பார்ப்பது?

என் வழி வேறு. என் கடை மாடியில் இருக்கிறது. அங்கே எத்தனை பல்பு இருந்தாலும் நான் நிறம் பார்ப்பது கீழே, ஐந்தடி நடைபாதையில், பகல் வெளிச்சத்தில்தான். முகம் கழுவி, பொட்டுகூட இல்லாமல் நிற்க வைப்பேன். தாடைக்குக் கீழே இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பிடிப்பேன். ஒன்று பள்ளிச் சீருடை வெள்ளை, மற்றது பாலேடு நிறம். வெள்ளையில் முகம் தெளிந்தால் கூல், பாலேட்டு நிறத்தில் தெளிந்தால் வார்ம். பொருந்தாத துணியில் கண்ணுக்குக் கீழே குழி விழும், வாயோரம் கறுக்கும், ஆள் மூன்று நாள் தூங்காதவர் போல ஆகிவிடுவார். கீழே பூக்கடை வைத்திருக்கும் அண்ணன் என்னைப் பார்த்ததும் "இன்னிக்கி யாருக்கு எக்ஸாம்?" என்று கேட்பார்.

2. கத்தரிப்பூ

ஷாமினியையும் அந்த நடைபாதையில்தான் நிறுத்தினேன். கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்த பெண். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது மேக்கப் ட்ரையலுக்காக அம்மா பரமேஸுடன் வந்தாள். நல்ல கருப்பு. தோலில் ஒரு புள்ளி கிடையாது. வெள்ளைத் துணியைப் பிடித்ததும் முகம் கழுவிவிட்ட கண்ணாடி போலத் தெளிந்தது. ஏட்டு நிறத்தில் மங்கியது. இவ்வளவு சுத்தமான கூல் அண்டர்டோன் எனக்கு எப்போதாவதுதான் அமையும்.

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போட்டேன். ஃபோன் கேமராவில் தன்னைப் பார்த்தவள் சால்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஆன்டி, நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்க. இவ்வளவு நாளா தப்பான கலர கட்டியிருக்க."

பரமேஸுக்குப் பிடிக்கவில்லை. "இது கட்டுனா இன்னும் கருப்பா தெரிவா அக்கா. மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே பொண்ணு கலர் கம்மின்னு ஒரு பேச்சு. முகூர்த்தத்துக்கு மாம்பழ மஞ்சள்தான் எடுத்திருக்கேன்."

கடைசியில் முகூர்த்தத்துக்கு மஞ்சள், ராத்திரி விருந்துக்குக் கத்தரிப்பூ என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் கைப்பையைத் தட்டிக் காட்டி, "அதுக்குள்ள கலரும் ஏறிடும். மாத்திரை வாங்கிக் குடுக்குறேன். ஒரு பொண்ணு ஃபோன்ல லைவ் போட்டு விக்குது. ரெண்டு ஷேட் வெளுக்கும்னு சொல்லுச்சு" என்றார்.

டப்பாவைக் காட்டச் சொன்னேன். டப்பா இல்லை. பெயர், முகவரி எதுவும் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரைகள் இருந்தன. "இத குப்பையில போடுங்க பரமேஸ். எவ செஞ்சா, என்ன போட்டு செஞ்சான்னே தெரியாது" என்றேன்.

"ரெண்டு வாரமா சாப்பிடுறேன் ஆன்டி, ஒண்ணும் செய்யல" என்று ஷாமினிதான் சொன்னாள். பரமேஸ் சிரித்துக்கொண்டே பையை மூடினார். ட்ரையலுக்குப் போட்ட ஃபவுண்டேஷன் பாட்டிலில் அவள் பெயரை எழுதித் தனியாக எடுத்து வைத்தேன்.

3. கல்யாணக் காலை

நலங்குக்கு மறுநாள் காலை முகம் பார்ப்பது ஒரு தனி வேலை. முந்தின நாள் ஆளாளுக்கு அப்பிய மஞ்சள் முடியோரத்திலும் கழுத்து மடிப்பிலும் நிற்கும். நான் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைப்பேன். முதல் பஞ்சு மஞ்சளாக வரும், அடுத்தது இளமஞ்சளாக வரும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம்.

கிள்ளானில் அவர்கள் வீட்டு முன்னால் நீல வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அறையில் ஷாமினியை உட்கார வைத்துத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வந்துவிட்டது. அவள் பெயர் எழுதிய பாட்டிலை எடுத்துத் தாடையில் ஒரு கோடு போட்டேன். அது அவள் முகத்தோடு சேரவில்லை, வேறு யாருடைய தோலையோ வெட்டி ஒட்டியது போல நின்றது. பாட்டில் மாறிவிட்டதா என்று பார்த்தேன். என் கையெழுத்துதான்.

அவளைச் சமையலறைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். நன்றாக விடிந்திருந்தது. வெள்ளைத் துணியைப் பிடித்தேன். முகம் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. ஏட்டு நிறத்தைப் பிடித்தேன். தெளிந்தது. ஒரு மாதத்துக்கு முன் பார்த்ததற்கு நேர் எதிர். அண்டர்டோன் மாறாது. இத்தனை வருடத்தில் ஒருத்திக்கும் மாறி நான் பார்த்ததில்லை.

"மேல பாரு" என்று சொல்லி கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. நலங்கு மஞ்சள் அங்கே போகாது.

"எப்பருந்து ஒடம்பு சரியில்ல?"

"ஒரு வாரமா சாப்பாடே புடிக்கல ஆன்டி. கை காலெல்லாம் அரிக்குது. ஒண்ணுக்குப் போனா தே-ஓ மாதிரி, பால் ஊத்தாத டீ கலர்ல போகுது. அம்மா கல்யாண டென்ஷன்னு சொன்னாங்க."

"மாத்திரை?"

"நேத்து வரைக்கும் சாப்பிட்டேன்."

பரமேஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் டாக்டர் இல்ல. ஆனா இது காமாலை. இப்பவே ஹாஸ்பிட்டல் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"நலங்கு மஞ்சள்லா அக்கா அது."

கடைசியாகத் துடைத்த வெள்ளைப் பஞ்சை அவர் கையில் கொடுத்தேன். மகளின் கண்ணைக் காட்டினேன். அவர் பார்த்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று இன்றுவரை நினைக்கிறேன். ஏனென்றால் அன்று காலை அதற்குப் பிறகு அவர் மஞ்சள் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"முகூர்த்தத்துக்கு ஆளுங்க ஹாலுக்கு வந்துட்டாங்க அக்கா. இப்ப நிறுத்துனா எம் பொண்ணுக்கு அப்புறம் கல்யாணமே இல்ல. மறைச்சிடுங்க. ஒங்ககிட்ட இல்லாத சாமானா?"

சாமான் இருந்தது. லைலாக் கரெக்டர் என்று ஊதா நிறத்தில் ஒரு க்ரீம். மஞ்சளை ஊதா அடித்துவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, மேலே அந்தப் பாட்டிலைப் போட்டால் ஷாமினி பழைய ஷாமினி. கண்ணுக்குக் கறுப்பாக மை தீட்டினால் யாரும் உள்ளே உற்றுப் பார்க்கப் போவதில்லை. தாலி கட்டுகிறவனுக்குத் தெரியாது, அட்சதை போடுகிற ஒருவருக்கும் தெரியாது. மஞ்சள் வெளியே தெரிந்தால் ஒருவராவது வாய்விட்டுக் கேட்பார், ஹாஸ்பிட்டலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அதற்காகத்தான் போட மாட்டேன் என்றேன்.

கூடாரத்தில் நின்ற தாய்மாமனிடம் போய்ச் சொன்னேன். "நல்ல காரியம் நடக்குற வீட்டுல என்ன பேச்சு இது? வாயக் கழுவுங்க" என்றார். திரும்பி வந்து ஷாமினியிடமே கெஞ்சினேன். படித்த பெண், தன் சம்பளத்தில் நிற்பவள், எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"தாலி ஏறட்டும் ஆன்டி. சாயங்காலம் நானே போறேன், ப்ராமிஸ்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க போடலன்னா வேற யாரையாவது கூப்பிடுவாங்க."

அப்படித்தான் நடந்தது. காப்பார் ரோட்டிலிருந்து வேறொரு மேக்கப் பெண் பெட்டியோடு வந்தாள். நான் வாசலைத் தாண்டும்போது அவள் ஷாமினியின் கன்னத்தைப் பார்த்து, "மஞ்சள் நல்லா ஊறியிருக்கு, மேரேஜ் க்ளோ" என்றாள். அவளிடமும் சொன்னேன். கல்யாண வேலையை இழந்த கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

அன்றே படங்கள் ஃபோனில் சுற்றின. அப்பழுக்கில்லாத முகம், மாம்பழ மஞ்சள் பட்டு. அதற்குக் கீழேயே, கல்யாணக் காலையில் பெண்ணை அம்போ என்று விட்டுப்போன மேக்கப்காரி என்று என்னைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். சில புக்கிங் போயின. அது பெரிய விஷயமில்லை.

4. மறுபடியும் அந்த வீடு

அன்று ராத்திரி விருந்துக்குக் கத்தரிப்பூச் சேலை கட்ட எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாளாம். ஹாஸ்பிட்டலில் கல்லீரல் வேலை செய்யவில்லை என்றார்கள். மாத்திரை எத்தனை நாளாகச் சாப்பிட்டாள் என்று டாக்டர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். காலையிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாதம் முடியும்முன் இறந்துபோனாள்.

பரமேஸ் ஃபோனில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "வாங்க."

கோபத்தோடுதான் போனேன். அதை மறைக்க மாட்டேன். அதே இடத்தில், அதே நீல வெள்ளைக் கூடாரம். பின்பக்கம் துணி கட்டி மறைத்துப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது இறந்த பெண்ணை மஞ்சள் பூசித்தான் அனுப்புவார்கள். வயதான ஓர் அம்மாள் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். பரமேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்."

"சுமங்கலி பரமேஸு. மஞ்ச இல்லாம அனுப்பக் கூடாது."

"எம் பொண்ணுக்கு மஞ்ச போதும் பெரியம்மா."

கிண்ணம் தரையில் வைக்கப்பட்டது. பரமேஸ் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று பின்வாசலில் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

"மறைச்சிடுங்க அக்கா."

இந்த முறை பெட்டியைத் திறந்தேன். குளிர்ந்த தோலில் க்ரீம் பரவாது. என் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒத்தினேன். லைலாக் பூசப் பூச மஞ்சள் போனது. மேலே அவள் பெயர் எழுதிய பாட்டில். அதை நான் வேறு யாருக்கும் போடவில்லை, தூக்கியும் எறியவில்லை. தாடையில் போட்ட கோடு தோலோடு சேர்ந்துவிட்டது. கத்தரிப்பூச் சேலையைக் கட்டினோம். விருந்துக்காக வாங்கியது, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

பரமேஸ் குனிந்து பார்த்தார். "இப்பதான் எம் பொண்ணு மாதிரி இருக்கா" என்றார். நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. ரோஸ் ஆன்டி கடையிலிருந்து அந்த லைவ் பெண்வரை எத்தனையோ பேர் சொன்னதைத்தான் அவர் நம்பினார்.

5. பிள்ளைகளுக்கு

இப்போது என் மேக்கப் வகுப்புக்கு வரும் பெண்கள் முதல் நாளே லைலாக் கரெக்டரைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசி வாரம்வரை தொட விடுவதில்லை. முதலில் பஞ்சு. பிறகு வெளிச்சம், இரண்டு துணி, அப்புறம் கண்.

ஒருத்தியின் அண்டர்டோனை ஒருமுறை சரியாகப் பார்த்து எழுதி வைத்துவிட்டால், அது அவளுக்கு ஆயுசுக்கும் போதும். என்ன நிறம் கட்டலாம், எந்தப் பாட்டிலை எடுக்கலாம் என்று அது சொல்லும். அடுத்த முறை அவள் வரும்போது அது மாறியிருந்தால் வேறு பாட்டிலைத் தேடாதீர்கள். பெட்டியை மூடிவிட்டு, எவ்வளவு நாளாக உடம்பு சரியில்லை என்று கேளுங்கள்.