பார்வையாளர் மாடத்தில் அசைந்த தொப்பி

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த வியாழக்கிழமை, பாராளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் அவர் என் பக்கத்தில் இருந்தார். சாய்ந்தமருதுக்காரர், கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு மீன் பார்ப்பவர். கரையில் நின்று, மீன் கூட்டம் திரும்பும் பக்கத்தைத் தொப்பியைக் கழற்றி அசைத்துத் தோணிக்குக் காட்டுவார். வெயிலில் சுருங்கிய கண்களால் சபையையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைவலை இழுக்கும் இடங்களை இனி ஏலத்தில் விடலாம் என்று அன்றைய சட்டமூலத்தில் ஒரு வாசகம் இருந்தது. குடும்பங்கள் முறை வைத்து வலை இழுக்கும் வழக்கம் அதோடு போய்விடும். அந்த வாசகத்தை நீக்கக் கேட்பதாக எங்கள் பகுதி உறுப்பினர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் எழுந்தவர், தன்னைக் கேலி செய்த எதிர்க்கட்சிக்காரருக்குப் பதில் சொல்லியே நேரத்தைக் கழித்தார்.

என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து, உறுப்பினரை நோக்கித் தொப்பியை அசைத்தார். காவலர்கள் அவரை வெளியே கூட்டிப்போனார்கள். நானும் பின்னால் போய், அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“என்ன காக்கா செஞ்ச வேலை இது?”

“கதைக்கப்படா எண்டுதானே சென்னானுகள். தொப்பி காட்டப்படா எண்டு ஆரு சென்ன?”

“உறுப்பினர் கண்டிருக்கமாட்டார்.”

“கண்டான் தம்பி. கண்டுதான் அங்கால திரும்பினவன். மீனுக்கு இருக்கிற வெக்கமும் இல்ல.”

உள்ளே மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. சட்டம் நிறைவேறிவிட்டது.

“இனி எப்ப இதக் கதைப்பானுகள்?” என்று கேட்டார்.

சபை கூடிய நாட்களையெல்லாம் வருடக்கணக்காகக் குறித்து வருபவன் நான். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன்; அதில் கழிந்துபோன திகதிகள் மட்டுமே இருந்தன. பஸ் வரும்வரை அவர், மீனுக்காகக் கடலைப் பார்ப்பதுபோல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.