உணரிக்கு வைத்த பொட்டு

யுவராணி பலூன் விடுவதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நயினார்கோவில் பக்கம் மிளகாய்க் கொல்லையில் வளர்ந்த மெலிந்த உடம்பு. தன்னைவிடப் பெரிய பலூன் இழுக்க இழுக்க, கடற்கரை மணலில் குதித்துக் குதித்து ஓடுவாள். கயிற்றை விட்டதும் அவளும் சிரிப்பாள்.

இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஒரு சிறு ஆய்வு நிலையத்தில் அவள் உதவியாளர். வானத்தில் இருபது கிலோமீட்டரிலிருந்து தொண்ணூறுவரை காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் கருவி ஒன்று செயற்கைக்கோளில் சுற்றுகிறது. பலூன் முப்பதைத் தொட்டாலே பெரிது. ஆனால் இரண்டும் அளக்கும் உயரத்தில் கணக்கு ஒத்துப்போனால்தான், அதற்கு மேலே செயற்கைக்கோள் சொல்வதை நம்ப முடியும்.

அன்று ஆயுத பூஜை. செயற்கைக்கோளுக்கு ஏது விடுமுறை? பத்து மணிக்குத் தலைக்கு மேல் வரும். அதற்குள் பலூன் உச்சிக்குப் போயிருக்க வேண்டும். தவறினால் இந்த வேலை வேறு ஊர் நிலையத்துக்குப் போகும், யுவராணி மிளகாய்க் கொல்லைக்குப் போவாள்.

பலூன் நிரம்பிவிட்டது. அதில் கட்டும் கருவியை நிழலில் வைத்துச் சரிபார்த்தாள். நிலைய வெப்பமானி முப்பது டிகிரி காட்டியது; கருவி இருபத்தாறு. ஊதிப் பார்த்தாள். இன்னும் இறங்கியது. மாற்றாக வைத்திருந்த அடுத்த கருவியும் அப்படியே, அதற்கடுத்ததும். அப்போதுதான் மணம் வந்தது. வெப்பத்தை அறியும் முடி போன்ற உணரியின் நுனியில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“பெரியப்பா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?”

“நான்தேன் தாயி,” என்றார் காவலாளி பூமிநாதன். அவரும் அவள் ஊர்தான். “கேட்டுக்கு வச்சேன், சைக்கிளுக்கு வச்சேன். இது என்ன பாவம் பண்ணுச்சு?”

“எல்லாத்துக்குமா?”

“ஒண்ண விட்டா அது மூஞ்சியத் தூக்காதா?”

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஈரம் காயக் காய உணரி குளிரும். இத விட்டா நம்ம ஊருக்கு மேல பனி விழுதுன்னு சொல்லிரும். தொடச்சா ஒடிஞ்சிரும்.”

அவர் முகம் சுருங்கியது. “ஒண்ணுக்கு வைக்கல தாயி. உறையே பிரிக்கல. பிரிக்காத சாமானுக்கு எங்கிட்டுப் பொட்டு வைக்க?”

உறையைக் கிழித்தாள். முப்பது காட்டியது. கட்டினாள், ஓடினாள். பதற்றத்தில் பூமிநாதனும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒரு கையில் வேட்டியோடு அவரும் குதித்தார்.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து வசந்தகுமார் போனில் சொன்னார்: “ஒத்துப்போகுதும்மா. அடுத்த மாசமும் நீங்களே விடுங்க.”

பூமிநாதனுக்கு ஒரு குறை. “மேல போன ஒத்தைக் கருவிக்குப் பொட்டு இல்லாமப் போச்சே.”

யுவராணி நெற்றியை நீட்டினாள். “கூட ஓடுனவளுக்கு வைங்க.”